ஹலோ, ஒன், டூ, த்ரீ

முந்தாநாள் ரோச்சோர் பக்கம் ஒரு கணினிக் கடைக்கு ஹெட்செட் பார்க்கப் போயிருந்தேன். கடைப் பையன் பெட்டியைப் பிரித்தான். மைக்கின் தலையில் விரலால் இரண்டு தட்டு. "ஹலோ, ஒன், டூ, த்ரீ." திரையில் பச்சைக் கோடு துள்ளியது. "ஓகே அங்கிள், நல்லா வேலை செய்யுது." வாசலில் லாரி ஹாரன் அடித்தாலும் அந்தக் கோடு துள்ளுமே தம்பி என்றேன். "கேமிங்குக்கா அங்கிள்?" என்று கேட்டான்.

என் விரல்களை முடக்குவாதம் மடக்கி வைத்திருக்கிறது. கையும் காதுக்கு மேலே ஏறாது. எழுதுவதெல்லாம் வாயால்தான், நான் பேசக் கணினி எழுதும். அதற்கு அவன் ஏழு வண்ண விளக்கு எரியும் ஹெட்செட்டை விற்கப் பார்த்தான். இந்த வேலைக்கு எந்த மைக் வாங்குவது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த ஒன், டூ, த்ரீ விவகாரத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

நம்மவர் கையில் மைக் வந்தால் முதலில் தட்டுவோம், அடுத்து ஊதுவோம், பிறகு எண்ணுவோம். சமூக மன்ற மேடையோ, சிராங்கூன் ரோட்டில் கல்யாண மண்டபமோ, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவோ, எங்கும் இதே வரிசைதான். தமிழை வாழவைக்க மேடையேறுபவரும் அதற்கு முன்பு ஆங்கிலத்தில்தான் எண்ணுகிறார். நான்கு வரை போனவரை நான் பார்த்ததில்லை. மூன்றைத் தாண்டினால் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும் என்று எந்தக் காலத்து சவுண்டு சர்வீஸ்காரரோ மிரட்டி வைத்திருக்க வேண்டும். தலைவர் தட்டிய மைக்கைச் செயலாளர் தட்டுவார், செயலாளரை நம்பாமல் பொருளாளர் தட்டுவார். பொருளாளர்கள் யாரையும் நம்புவதில்லை, அது அவர்கள் தொழில். இரண்டரை மணி நேரம் ஒழுங்காக வேலை செய்த மைக்கை நன்றியுரைக்கு வந்தவர் சந்தேகத்தோடு பார்த்து ஒரு முறை ஊதுவார். பின்வரிசையிலிருந்து ஒரு மாமா "கேக்குது, கேக்குது" என்று கையை ஆட்டுவார். எல்லா விழாவிலும் அந்த மாமா இருக்கிறார். அவரை யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் அவர் சொன்னால்தான் பேச்சாளர் தொண்டையைச் செருமுவார். செருமியபின் "கேக்குதா?" என்பார். மாமா மறுபடியும் எழுந்திருக்க வேண்டும்.

மேடைக்கு அது போதும். கணினிக்கு ஆகாது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒரு சொல்லைக் காதால் மட்டும் பிடிப்பதில்லை, பக்கத்துச் சொற்களை வைத்தும் ஊகிக்கிறது. ஒன், டூ சொன்னால் த்ரீயை அது பாதித் தூக்கத்திலேயே எழுதிவிடும். "தேக்காவுக்குப் போய் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கி வா" என்று சொல்லிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். அந்த ஏழு வண்ண ஹெட்செட்டில் தேக்கா தேங்காய் ஆகிவிட்டது. பையன் அதையும் நல்லா வேலை செய்யுது என்றான்.

ஒரு காலத்தில் இதைவிட மோசம். 1990இல் வந்த டிராகன் டிக்டேட் மென்பொருள் 9,000 அமெரிக்க டாலர். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். நம் பழைய மேடைப் பேச்சாளர்கள் சிலருக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்திருக்கும். சாதாரண மனிதர் மூச்சுவிடாமல் பேச 1997இல் அதே டிராகனின் நேச்சுரலிஸ்பீக்கிங் வர வேண்டியிருந்தது. இன்று கூகுள் கிளவுடின் மொழிப் பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று நான்கு தமிழ் இருக்கின்றன. மைக் மட்டமாக இருந்தால் நான்கும் ஒற்றுமையாகத் தேங்காய் என்றுதான் எழுதும்.

கணினிக்குக் காது பழக்க இங்கே அரசு அமைப்பான ஐஎம்டிஏ, தேசியப் பேச்சுத் தொகுப்பு என்று சிங்கப்பூர் ஆங்கிலத்தைத் திரட்டியது. முதல் பகுதி மட்டுமே சுமார் 1,000 மணி நேரம், அமைதியான அறைகளில் பதிந்தது. அமைதியான அறை! எங்கள் புளோக்கில் விடியுமுன் குயில், ஒன்பது மணிக்கு யார் வீட்டுச் சுவரிலோ துளை போடும் இயந்திரம், நடுராத்திரியில் மேல் வீட்டுத் தரையில் கோலிக்குண்டு உருளும் சத்தம். மேல் வீட்டிலோ கோலி விளையாடும் வயதில் ஆள் கிடையாது.

ஆகவே ஹெட்செட்டுக்குப் போ என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். வாயோரம் இரண்டு விரற்கடை தள்ளி, மூச்சு நேரே படாமல் மைக் நின்றால் எட்டத்துச் சத்தம் அடங்கும், உண்மைதான். ப்ளூடூத் வேண்டாம், கம்பியே நல்லது என்கிறார்கள். மைக்கைத் திறந்ததும் பல ப்ளூடூத் செட்டுகள் பழைய தொலைபேசிக் குரலுக்கு இறங்கிவிடும், அதுவும் உண்மை. அந்த ஹெட்செட்டை என் தலையில் யார் மாட்டுவது என்பதை மட்டும் எந்தப் பெட்டியிலும் அச்சடிக்கவில்லை.

லெங்கோக் பாருவில் 2015இல் உடற்குறையுள்ளோருக்காகத் திறந்த எனேபிளிங் வில்லேஜில் டெக் ஏபிள் என்று ஓர் இடம் இருக்கிறது. கருவிகளை அங்கே பயன்படுத்திப் பார்க்கலாம், ஒன், டூ, த்ரீ சொல்லத் தேவையில்லை. தகுதி இருந்தால் உதவித் தொழில்நுட்ப நிதி விலையில் 90 விழுக்காடு வரை தரும்; ஆயுளுக்கு 40,000 வெள்ளி உச்சவரம்பு. "யூடியூப்காரங்க மாதிரி பெருசா ஒண்ணு வாங்குங்க மாமா" என்று போன் செய்யும் சொந்தக்காரர்களைச் சமாளிக்கத்தான் நிதி எதுவும் இல்லை.

மியூட் பொத்தான் இன்னொரு கொடுமை. கை வராதவன் வாயால் எழுதுகிறான். அவன் வாயை அணைக்க, கம்பியின் நடுவில் கடுகளவு பொத்தான், அதை அமுக்க விரல் வேண்டும்! டிராகனிடம் ஆங்கிலத்தில் 'கோ டு ஸ்லீப்' என்றால் தூங்கிவிடும். நான் வைத்திருக்கும் தமிழ்க் குரல் தட்டச்சிடம் தூங்கு என்றால் "தூங்கு" என்று எழுதுகிறது. வீட்டில் யார் பேசினாலும் கட்டுரைக்குள் ஏறிவிடுகிறது. போன மாதம் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதை பற்றிய பத்தியின் நடுவே "பிளம்பர் எப்ப வருவான்" என்று ஒரு வரி விழுந்தது. பத்திரிகையில் அதை நவீன உத்தி என்று நினைத்து அப்படியே போட்டுவிட்டார்கள். இரண்டு வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காப்பி வந்துவிட்டது. மைக் தண்டு வாய்க்கு முன்னால் நிற்கிறது. கழற்ற வேண்டிய மனைவி அடுக்களையில் போனில் இருக்கிறாள். மூன்று முறை கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை, கணினி மூன்று முறையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறது.