நிரந்தரப் பணியில் ஒரு செல்

வயிற்றில் சுரப்பது அமிலம் என்கிறார்கள். அப்படியானால் வயிறு தன்னையே ஏன் செரித்துவிடவில்லை?
– ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, ராயபுரம்

செரிக்கப் பார்க்கிறது, அதைவிட வேகமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது! இரைப்பையின் உட்புறத்துக்கு ஒரு சளிப்படலம் காவல். அதன் கீழே இருக்கும் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும். அந்த இடத்துக்குப் புதியவை வந்துவிடும். போன ஞாயிறு மீன் குழம்பு சாப்பிட்ட மேற்பரப்பு இந்த ஞாயிறு உங்களிடம் இல்லை.

புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? அதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

அருமையான கேள்வி. இரைப்பைச் சுவர் முழுக்க நுண்ணிய குழிகள். ஒவ்வொரு குழியும் கீழே சுரப்பியாக இறங்குகிறது. அந்தச் சுரப்பியின் குறுகலான பகுதியில், புதுச் செல்களைப் பெற்றெடுக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்துப் பேச்சிலேயே சொல்கிறேன்: மேற்பரப்புச் செல் ஒப்பந்தத் தொழிலாளி, சில நாளில் கணக்கு முடிந்துவிடும். ஸ்டெம் செல் நிரந்தரத் தொழிலாளி. ஒவ்வொரு முறை பிளவுபடும்போதும் அது டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அதில் பிழை விழலாம். ஒப்பந்தத் தொழிலாளியின் பிழை அவரோடு வெளியேறிவிடும். நிரந்தரத் தொழிலாளியின் பிழை அவர் உருவாக்கும் எல்லோரிடமும் தொடரும். அதனால்தான் புற்றின் தொடக்கத்தை நீண்ட ஆயுள் கொண்ட செல்களிடம் தேடுகிறார்கள்.

சுரப்பியின் அடியில் செரிமான நொதி தரும் செல்களும் உண்டு. காயம் பட்டால் இவையும் தம் வேலையை விட்டுவிட்டு மறுபடி பிளவுபடத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். காயம் ஆறிவிட்டால் நல்லது. ஆறாமல் வருடக்கணக்கில் நீடித்தால் பழுதுபார்ப்பதே ஆபத்தாகிவிடும்.

காயத்தை ஆறவிடாமல் செய்வது யார்? என் சமையலின் காரமா?
– மெஸ் நடத்துபவர், தண்டையார்பேட்டை

மிளகாய் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம். முதல் எதிரி ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதை வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பை நோய்க்கு அதுதான் காரணம் என்றால் ஊர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தக் கிருமியை உறுதியான புற்றுக் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இந்தக் கிருமி தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்து, சளியைத் துளைத்து, ஸ்டெம் செல் வாழும் ஆழம்வரை இறங்கும். பிறகு அழற்சி, சுரப்பித் தேய்வு, இரைப்பைச் சுவர் குடல் போல மாறுதல், கடைசியில் சிலருக்குப் புற்று. கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கே அந்தக் கடைசிக் கட்டம். அங்கே போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நான் விற்பதே கருவாடு. வீட்டிலும் அதுதான். விட்டுவிடணுமா?
– கருவாடு விற்பவர், காசிமேடு

விட வேண்டாம் அம்மா, குறையுங்கள். மிகுந்த உப்பு சளிப்படலத்தைச் சேதப்படுத்திக் கிருமிக்கு வசதி செய்துகொடுக்கும். 1980களில் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிய காலத்தில், இந்நகர ஆண்களுக்கு வந்த புற்றுகளில் இரைப்பைப் புற்றே முதலிடத்தில் இருந்தது. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் புகைபிடித்தலும் ஊறுகாய் வகை உணவுகளும் இந்நோயோடு சேர்ந்து நின்றன. உலகெங்கும் இந்தப் புற்று குறைந்ததற்குக் குளிர்பதனப் பெட்டியும் ஒரு காரணம். ஐஸில் வைத்த மீனும் பழமும் காய்கறியும் தட்டில் கூடட்டும்.

எங்கள் காற்றையும் சாம்பலையும் பற்றி ஏன் பேசவில்லை?
– மீனவர், எண்ணூர்

பேசுகிறேன். வெளிக்காற்று மாசு புற்றுக் காரணி என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கான வலுவான சான்று நுரையீரலைச் சுட்டுகிறது. வயிற்றுக்கு வந்தால், ரப்பர் உற்பத்தி வேலை இரைப்பைப் புற்றுக்கும் காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதனால் மருத்துவரிடம் நோயைச் சொல்லுமுன் தொழிலைச் சொல்லுங்கள். சாம்பல் படியும் உங்கள் எண்ணூர்க் கழிமுகத்துக்கு நீங்கள் கேட்கும் நியாயம் தன் காலிலேயே நிற்கும். அதற்கு வயிற்றுப் புற்றைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை. இன்னொரு நியாயமும் கேளுங்கள். பைலோரி பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கடியான வீடுகளில் பரவுகிறது. சுத்தமான குடிநீரும் கழிப்பறையும் தெருவுக்குத் தெரு வேண்டும்.

பத்து வருஷமாக கேஸ் மாத்திரையிலேயே வண்டி ஓடுகிறது. போதாதா?
– ஆட்டோ ஓட்டுநர், பழைய வண்ணாரப்பேட்டை

எரிச்சல் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். உடல் இளைத்தல், கறுப்பாக மலம் போதல், தொடர் வாந்தி, விழுங்கச் சிரமம், நாலு கவளத்திலேயே வயிறு நிறைதல், ரத்தசோகை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்டோஸ்கோபி தள்ளிப்போடக் கூடாது. கிருமி இருந்தால் பெரும்பாலும் இரண்டு வார மருந்தில் ஒழிக்கலாம். புற்று வரும் வாய்ப்பும் குறையும். பல பத்தாண்டு எடுத்துக்கொள்ளும் நோய் நமக்கும் அத்தனை அவகாசம் தருகிறது. அடுத்த அட்டை மாத்திரை வாங்குமுன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.