நாலு மணி முடுக்கும் நடுராத்திரிப் புரோட்டாவும்

ஏலே பேராண்டி, மூச்சு எளைக்குதுன்னு சொல்லி ஆச்சியைக் கலங்கடிச்சுட்டியே! அவ கோயிலுக்கு ஓடி திருநீறு வாங்கியாந்து உன் நெத்தி பூரா பூசுதா. நான் உன் மேசையைத்தான் எட்டிப் பாத்தேன். ரப்பர் பேண்டு கழட்டுன சால்னா பை, எண்ணெ உறைஞ்ச இலை, மிச்சம் வச்ச அரைப் புரோட்டா, ஒரு பில்லு. பில்லுல நேரம் ராத்திரி 1.10. திருநீறு என்ன செய்யும், பாவம்.

அமெரிக்காக்காரன் முழிச்சிருக்கான்னு நீயும் முழிச்சிருக்கே, சரி. அவன் மத்தியானச் சோத்தையும் நீயே சேத்துத் திங்கணும்னு கம்பெனியில எழுதியா குடுத்தாக?

சாத்திரக் கணக்குல மனுசனுக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. சிதம்பரத்துப் பொன்னம்பலக் கூரையில அத்தனை ஓடு வேய்ஞ்சிருக்குன்னு சொல்லுவாக. வகுத்துப் பாரு, நாழிகைக்கு 360, நிமிசத்துக்கு 15. 12லேருந்து 20 வரைக்கும் சரின்னு டாக்டருமாரும் சொல்லுதாக. பெரியவுக கணக்குல பழுதில்ல. ஆனா மூச்சு போற பாதை நாள் பூரா ஒரே அகலமா இருக்காதுலே. சாயங்காலம் நாலு மணி வாக்குல அது தேரோடுத ரத வீதி. விடியக்காலம் நாலு மணிக்கு ஆளு ஒருச்சாஞ்சு போற முடுக்கு.

இதைப் பூட்டித் தெறக்குத காவக்காரன் மூளைக்குள்ள இருக்கான். ரெண்டு கண்ணு நரம்பும் குறுக்கப் பாயுத இடத்துக்கு மேல, அரிசிமணி அளவுல. வெளிச்சத்தை வச்சு மணி பாப்பான். ராத்திரியானா கார்டிசாலும் அட்ரினலினும் கொறஞ்சு, மூச்சுக்குழல் சுருங்கிரும். தூக்கத்து மேல பழி போடாதே. அமெரிக்காவுல 17 எளைப்புக்காரங்களை மங்கல் வெளிச்சத்துல 38 மணி நேரம் தூங்கவிடாம வச்சு, ரெண்டு மணிக்கொருதரம் ஒரே தீனி குடுத்துப் பாத்திருக்காக. 2021ல வந்த சேதி. அப்பவும் ராத்திரியிலதான் மூச்சு மோசமாச்சாம். 1698லேயே ஜான் ஃப்ளாயர்னு ஒரு இங்கிலீசு வைத்தியரு இதை எழுதி வச்சாரு. அவருக்கே எளைப்பு, பொறவு தெரியாம இருக்குமா?

சரி, அந்த முடுக்கு உனக்கும் எனக்கும் பொது. நீ அதுக்குள்ள வைக்கோல் வண்டியை விடுதியே, அதான் வம்பு. ஈரலுக்கும் தனியா ஒரு கடிகாரம் உண்டு. அது வெளிச்சத்தைப் பாக்காது, தட்டைப் பாக்கும். எலி ராத்திரி மேயுத சாதி. அதுக்குப் பகல்ல மட்டும் தீனி போட்டாக. ஈரல் கடிகாரம் தலைகீழாத் திரும்பிட்டு, மூளைக் கடிகாரம் அசையவே இல்ல. உன் ஒடம்புக்குள்ளயும் ரெண்டு பேரு ரெண்டு மணி சொல்லுதான். நெஞ்சு யாரு பேச்சைக் கேக்கும்?

தின்னா ஒடம்பு எரிக்கணும், எரிச்சா கரிவாயு வரும், அதை மூச்சுதான் சொமந்து வெளிய தள்ளணும். அதுலயும் மைதா மாதிரி மாவுச் சங்கதியை எரிச்சா, இழுத்த ஆக்ஸிஜன் பத்துக்குக் கரிவாயு பத்து. கொழுப்புன்னா ஏழுதான். உடனே நெய்யைத் தேடி ஓடாதே, கணக்குக்குச் சொன்னேன்.

தின்ன கையோட படுத்தா இன்னும் மோசம். வயிறு உப்பி உதரவிதானத்தை நெட்டும், புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறும். நான் பட்டிருக்கேன்லே. ஒரு கோயில் கொடையில கெடா வெட்டி, பதினோரு மணிக்குக் கறிச்சோறு தின்னுட்டு அப்படியே திண்ணையில சாஞ்சேன். மூணு மணிக்கு இருமுன இருமல்ல தெருநாய் பூரா எந்திரிச்சிட்டு. உங்க ஆச்சி ஒரு வாரம் மொகங்குடுத்துப் பேசல.

அதனால பெரிய சாப்பாட்டை வேலைக்கு ஒக்காருததுக்கு முன்ன, பொழுதோட முடிச்சிரு. நடுச்சாமத்துல பசிச்சா ரெண்டு இட்லி போதும். தின்னுட்டு மூணு மணி நேரங்கழிச்சுப் படு. டாக்டர் குடுத்த இன்ஹேலரை மட்டும் நிறுத்திராதே. எம்பேச்சு திண்ணை வரைக்குந்தான் செல்லும், நெஞ்சுக்குள்ள செல்லாது.

எளைப்பு கொறஞ்சா, திருநீறுலதான் கொறஞ்சுதுன்னு ஆச்சிகிட்டச் சொல்லிரு. எனக்கு இந்த வீட்டுல சோறு வேணும். அப்பொறம் அந்த அரைப் புரோட்டாவைப் பூனை தூக்கிட்டுப் போயிட்டுன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். கேட்டா நீயும் பூனைன்னே சொல்லு.