கொல்லைக்காட்டு இருட்டும் வெள்ளைப் பீங்கானும்

எண்பதுகளில் எங்கள் மங்களூரில் ஆசனவாயில் ரத்தம் போனால் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். கர்நாடகத்து மங்களூர் இல்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே, பருத்தியும் சோளமும் விளைகிற மங்களூர். மூலம் என்றால் சூடு, சூட்டுக்குத் துத்திக்கீரை, கருணைக்கிழங்கு. அதற்கும் நிற்காவிட்டால், 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று பஸ் நிலையச் சுவரில் எழுதியிருந்த முகவரிக்குப் போவார்கள்.

பெண்களுக்கு ரத்தம் போவதே தெரியாது. கொல்லைக்குப் போவது விடியுமுன், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. என்ன நிறத்தில் போகிறது என்று பார்க்க வெளிச்சம் ஏது? பெரியம்மாவுக்குப் புடவையில் கறை பட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்திலேயே நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணைக் கொண்டு வடலூரில் கழிவறைக் கோப்பை செய்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பொம்மையும் பியூஸ் கட்டையும் வெந்துகொண்டிருந்தன. எங்கள் மாவட்டத்து மண்ணில் செய்த கோப்பை எங்கள் தெருவுக்கு வந்துசேர ஒரு தலைமுறை ஆயிற்று.

பெரியம்மா வெளுத்துப்போனாள். படியேறினால் மூச்சு வாங்கியது. இரும்புச்சத்து மாத்திரையும் தடவ ஒரு களிம்பும் கொடுத்தார்கள். ரத்தம் எங்கிருந்து போகிறது என்று யாரும் தேடவில்லை. கையுறை போட்ட விரலை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் கட்டி தட்டுப்பட்டிருக்கும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வருகிற கட்டிகளில் பலவும் அப்படி அகப்படுபவைதான். அதற்கு மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம். கேட்டிருந்தாலும் பெரியம்மா சம்மதித்திருக்க மாட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். வயிறு உப்பி, குடல் அடைத்துக்கொண்ட பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது அது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கடைசிப் புகலிடம். நாங்கள் போனபோது நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது.

அவள் மகன், எனக்கு அண்ணன், பீங்கான் பேட்டையில் அச்சில் மாவு ஊற்றுகிறவர். ஐம்பது வயதில் அவருக்கும் ரத்தம் போனது. வீட்டில் வெள்ளைக் கோப்பை, தலைக்கு மேலே எல்இடி விளக்கு, கையில் போன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்தும் பல மாதம் களிம்பு தடவினார். கேட்டால், "மூலச்சூடுப்பா, அம்மாவுக்கும் இருந்துச்சே" என்றார். அம்மாவுக்கு இருந்தது என்பதற்காகவே முதல் நாளே ஓடியிருக்க வேண்டும்.

இந்த முறை டாக்டரம்மா ஒருவர் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷ வேலை. பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது: பேதிக்குக் கரைசல் குடித்துக் குடலைக் கழுவி கொலோனோஸ்கோபி, சதைப் பரிசோதனை, கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எம்ஆர்ஐ, நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் சிடி. ஆபரேஷனுக்கு முன்பே ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. கட்டியைச் சுருக்கக் கூடவே கேப்சிடபின் மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செலவில் பெரும்பங்கைத் தாங்கியது.

அடுத்தது ஆபரேஷன். 1908-இல் லண்டனில் மைல்ஸ் என்கிற அறுவை நிபுணர் வகுத்த முறையில் ஆசனவாயையே எடுத்து மூடிவிடுவார்கள். மலம் வாங்க ஆயுசுக்கும் வயிற்றில் பை. 1982-இல் இங்கிலாந்தின் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். அந்த நுணுக்கமும் தையல் போடும் ஸ்டேப்ளரும் வந்ததால் அண்ணனுக்கு ஆசனவாய் மிஞ்சியது. தையல் ஆறும் வரைக்கும் மட்டும் பை.

அந்தப் பையை அவர் மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்து வைத்த குடல் நுனி செக்கச்செவேல் என்று ஈரமாக இருக்கும். அதன் சுற்றளவை அட்டையில் வைத்து அளந்து, ஒட்டும் வட்டத்தில் கத்தரியால் ஓட்டை வெட்டுவார். இம்மி பெரிதானால் கழிவு தோலில் பட்டுப் புண்ணாகும்; சிறிதானால் குடலை நெரிக்கும். அச்சு வேலை செய்த கை. பிசகவே இல்லை.

பை போய்விட்டது, ஆள் வேலைக்கும் போகிறார். ஒரு நாளைக்கு நாலைந்து முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறார்.

இப்போது பெரியம்மாவின் மகளான அக்காவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அம்மாவுக்கும் கூடப்பிறந்தவனுக்கும் வந்த நோய். இப்படிப்பட்ட குடும்பத்தில் நாற்பது வயதிலேயே, அல்லது வீட்டில் மிக இளவயதில் கண்டவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே, கொலோனோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார்கள். குடலில் முளைக்கிற பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். பார்த்த இடத்திலேயே கம்பி வளையத்தால் அறுத்து எடுத்துவிடலாம். அக்காவுக்குத் தேதி வாங்கியாயிற்று. இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டாள். போன வாரம் அண்ணன் மனைவியிடம் மட்டும் மெதுவாகக் கேட்டிருக்கிறாள், "பொம்பளை டாக்டரா பார்த்துச் சொல்லுவியா அண்ணி?" விசாரித்தோம். இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அண்ணியே கூட்டிப்போகிறாள்.