பாத்திரம் காலியாவாத வீட்டுக்குப் போற மருமவனுக்கு

மருமவனே, கப்பல்ல உன்கூட வேலை பாக்குத பிலிப்பைன்ஸ்காரப் பய கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கானாம், பத்தாங்காஸ் பக்கமாம், நீயும் மண்டைய ஆட்டிட்டியாம். நல்லது. உங்க அம்மை என்கிட்ட வந்து, “அண்ணே, பிள்ளை அங்க போய் என்னத்தத் திம்பானோ”ன்னு கண்ணைக் கசக்குதா. நீ என்னத்தத் திம்பங்கது எனக்குக் கவலையே இல்ல. எப்பம் நிறுத்துவங்கதுதான் கவலை. நான் அந்தப் பயலுவளோட ஒரே கப்பல்ல பண்டாரியாக் கிடந்தவன். அவ்வொ அடுப்பும் தெரியும், வீட்டு மேசையும் தெரியும். மாமன் சொல்லுததைக் கேட்டுக்க. கேக்க மாட்ட, தெரியும். இருந்தாலும் சொல்லுதேன், இந்தச் சோலி ஒண்ணாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும்.

போன உடனே வீட்டுப் பெரியவங்க கையைப் புடிச்சு உன் நெத்தியில ஒத்திக்கிடணும். “மானோ போ”ன்னு சொல்லணும். ஒரு பொங்கலுக்காவது என் கால்ல விழுந்திருப்பியா? அங்க போயாவது பழவு. அடுத்த நிமிஷம் “சாப்பிட்டியா”ன்னு கேப்பாவ. ஆச்சுன்னாலும் தட்டு வரும், ஆவலன்னாலும் தட்டு வரும். அதனால பொய் சொல்லி நேரத்தை வீணாக்காதே. பொறவு ஒரு அத்தைக்காரி வந்து, “போட்டோவுல பாத்ததுக்கு இப்பம் குண்டாயிட்டியே”ம்பா. கோவப்பட்டுராதே, அங்க அது சொகம் விசாரிக்கது. நம்ம அத்தைமாரு சொல்லாததா?

கிறிஸ்மஸ் விருந்து 24-ந் தேதி நடுச்சாமப் பூசை முடிஞ்ச பொறவுதான். நோச்சே புவேனான்னு பேரு. உனக்கு ஏழரைக்கே வயிறு மணியடிக்கும்; அங்க சோத்துல கை வைக்க பன்னெண்டு மணி தாண்டும். சின்னப் புள்ளைவ சோபாவுல சாஞ்சு தூங்கி விழும். மேசை மேல எல்லாம் மூடி போட்டு இருக்கும். மூடியைத் தூக்கிப் பாக்குத வேலை வேண்டாம். மூலையில ஒரு பாட்டி கண்ணை மூடிக்கிட்டு இருப்பா, தூங்க மாட்டா.

பசி தாங்காதுன்னா முன்னாலயே போ. டிசம்பர் 16-லேருந்து 24 வரைக்கும் ஒம்பது நாள், விடியுததுக்கு முன்னால கோயில்ல பூசை. சிம்பாங் காபின்னு சொல்லுவாவ. ஒம்பதையும் விடாமப் போனா நினைச்சது நடக்குமாம். எனக்குத் தெரிஞ்ச பயலுவ அத்தனை பேரும் கோயில் வாசல் கடையை நினைச்சுத்தான் எந்திரிச்சானுவ. அங்க புத்தோ பும்போங் விப்பாவ. ஊதா நிற அரிசி மாவை மூங்கிக் குழாய்ல அடைச்சு ஆவியில வேகவச்சு, தட்டி எடுத்து, வெண்ணெய் தடவி, தேங்காப்பூவும் நாட்டுச் சக்கரையும் தூவித் தருவாவ. நம்ம கொழாப்புட்டு சட்டை மாத்திக்கிட்டு நிக்க மாதிரி இருக்கும். பக்கத்துலயே பிபிங்கா. மண்சட்டியில வாழை இலை விரிச்சு, அரிசி மாவும் தேங்காப்பாலும் ஊத்தி, கீழயும் கனல், மேல தகரத்துலயும் கனல் வச்சுச் சுடுவாவ. நடுவுல ஒரு வில்லை உப்பு முட்டை. இனிப்புக்குள்ள உப்பு வருதேன்னு மூஞ்சியைச் சுளிக்காதே. இன்னொரு வாய் வச்சா சரியாயிரும்.

இனி மேசைக்கு வாரேன். அங்க நாலு பங்காளிவ இருக்காவ: மெனுதோ, அஃப்ரிதாதா, மெச்சாதோ, கல்தெரெத்தா. நாலும் செகப்பு. நாலுலயும் தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட்டு. எது எதுன்னு அந்த ஊர்ப் பயலுவளே தடுமாறி ஒருத்தனை ஒருத்தன் கேலி பண்ணிக்கிடுவான். உனக்கு மட்டும் அடையாளம் சொல்லுதேன். பன்னிக் கறியைச் சுண்டு விரல் கணக்கா நறுக்கி, ஈரலும் உலர்ந்த திராட்சையும் கிடந்தா மெனுதோ. கோழியோ பன்னியோ பெரிய துண்டமாக் கிடந்து குடமிளகாயும் இருந்தா அஃப்ரிதாதா. மாட்டுக் கறியில சோயாவும் கலமான்சி எலுமிச்சையும் மணந்தா மெச்சாதோ. பழைய கைக்காரியா இருந்தா கறிக்கு நடுவுல ஒரு கொழுப்புத் துண்டைத் திரி மாதிரி சொருவி இருப்பா. ஆடோ மாடோ, ஈரல் மசியல் சேந்து குழம்பு கெட்டியா, கொஞ்சம் காரமா இருந்தா கல்தெரெத்தா.

இவ்வளவும் தெரிஞ்சாலும் பேரு சொல்லிப் புகழாதே. “மெனுதோ பிரமாதம்”னு நீ சொல்ல, “அது அஃப்ரிதாதால்லா”ன்னு அவ சொல்ல, ஒரு வருசத்துக்கு அந்த வீட்டுல உன் கதைதான் ஓடும். “இது யாரு கைப்பக்குவம்?”னு மட்டும் கேளு. வச்சவளே சிரிச்சுக்கிட்டு வந்து, பேரும் சொல்லி, இன்னொரு கரண்டியும் ஊத்துவா.

அடுத்தது கரே-கரே. மாட்டு வால், குடல், வாழைப்பூ, கத்திரிக்கா, நீளத் தட்டப்பயறு, எல்லாம் வேர்க்கடலை அரைச்ச குழம்புல கிடக்கும். இதுல நமக்கும் ஒரு சொத்துத் தகராறு உண்டு. 1762-ல இங்கிலீஸ்காரன் மெட்ராஸ்லேருந்து படை கட்டிப் போய் மணிலாவைப் புடிச்சான். நம்ம பக்கத்துச் சிப்பாய்வளும் கூடப் போனாவ. 1764-ல அவன் மூட்டை கட்டுனப்போ, சில சிப்பாய்வ கப்பலேறாம காயிந்தாங்கிற ஊர்ல பொண்ணு கட்டித் தங்கிட்டாவ. அவ்வொ நம்ம குழம்பு வைக்கப் பாத்து, சாமான் கிடைக்காம வச்சதுதான் கரே-கரேன்னு அங்க ஒரு பேச்சு இருக்கு. காயிந்தா கதை நெசம். குழம்புக் கதையை நான் நம்பல. கரே-கரேயில காரமும் கிடையாது, உப்பும் கிடையாது. நம்ம ஆளு சமைச்சு உப்பு போட மறப்பானா? அவன் பொண்டாட்டி சமைச்சிருப்பா, இவன் பெருமை பேசியிருப்பான். அப்படீன்னா நம்பலாம்.

உப்பு எங்கன்னு தேடாதே, பக்கத்துக் கிண்ணத்துல இருக்கு. பாகோவோங். கூனி இறாலை உப்புல ஊறப்போட்டுப் புளிக்கவச்ச விழுது. நக நுனி அளவு எடுத்துச் சோத்தோட சேத்துப் பெசஞ்சுக்க. அங்க கூட்டத்துல கரண்டியும் முள்ளும்தான் குடுப்பாவ. கரண்டி வலது கையில. கமாயான்னு வாழை இலையை நீட்ட விரிச்சு, சோத்தைக் குவிச்சு, எல்லாரும் கையாலயே திங்கிற நாளும் உண்டு. அன்னைக்கு மட்டும் நீ வாத்தியாரு.

தினுகுவான்னு கருப்பா ஒண்ணு வரும். வெளியூர்க்காரனுக்கு அதைச் சாக்லெட் கறின்னு சொல்லிச் சிரிப்பானுவ. பன்னி ரத்தத்தைக் காடி ஊத்தி வச்சது. ஆட்டு ரத்தம் வதக்கித் தின்னு வளந்த பயலுக்கு இதுல என்ன பயம்? இன்னொரு தட்டு கேளு. சிரிச்சவன் வாயை மூடுவான்.

முழுப் பன்னியைச் சுடுததுதான் லெச்சோன். வசதிப்பட்ட வீடு, இல்லன்னா ஊர்த் திருவிழா. மூங்கில்ல குத்தி, கரிக்கனல் மேல மணிக்கணக்காக் கையால சுத்தணும். சேபூக்காரன் வயித்துக்குள்ள எலுமிச்சைப் புல்லும் பூண்டும் வெங்காயத் தாளும் திணிச்சுத் தைச்சுருவான். தொட்டுக்க ஒண்ணும் வேண்டாம்பான். மணிலாக்காரன் ஈரல் சாறு இல்லாமத் தொட மாட்டான். ரெண்டு பேருக்கும் நடுவுல நீ பஞ்சாயத்துக்குப் போவாதே. நீ போற சீமையிலயே பலாயான்னு ஒரு ஊரு, ஜூன் 24 அருளப்பர் திருநாளுக்கு லெச்சோனுக்குச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டு ஊர்வலம் விடுவாவ, தெருவுல நிக்கவன் மேலெல்லாம் தண்ணி ஊத்துவாவ. பன்னி வெட்டுத இடத்துல ஒரு நியாயம்தான்: தோலுக்குக் கிட்ட நிக்கவனுக்குத் தோலு. கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்குத அந்தத் தோலு கால் மணி நேரத்துல காணாமப் போவும். மரியாதையாப் பின்னால நின்னா உனக்குக் கறிதான் கிடைக்கும்.

பிறந்தநாள் வந்தா பான்சிட் இல்லாம முடியாது. சீனாக்காரன் கொண்டாந்த நூடுல்ஸ். அது நீளமா இருந்தா ஆயுசும் நீளுமாம். வெட்டித் திங்காதே. வருசம் பூரா அந்த வீட்டுல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உன் தலையில விடியும். லுக்பான் ஊர்ல மே 15 பாஹியாஸ் திருவிழா. உழவனுக்குக் காவலான புனித இசிதோருக்காவ வீட்டு முகப்பெல்லாம் விளைஞ்ச காய்கறியும், இலை மேல அரிசி மாவு வார்த்துக் காயவச்ச கலர் கலரான கிப்பிங்கும் தொங்கும். அங்க பான்சிட்டை வாழை இலையில வச்சு, கரண்டியும் இல்லாம கையும் இல்லாம, அப்படியே வாயால அள்ளித் திம்பாவ. உங்க அம்மை உன்னைத் திட்டின அதே முறை. அங்க அது திருவிழா.

புள்ளைவ விருந்துல ஸ்பாகெட்டி இனிக்கும். செகப்பு ஹாட்டாக் துண்டு மிதக்கும். அதுல ஊத்தியிருக்கது வாழைப்பழக் கெச்சப். அதைக் கேலி பண்ணுத வேலையே வேண்டாம். அதைக் கண்டுபுடிச்சவன்னு அவ்வொ தலையில வச்சுக் கொண்டாடுத மரியா ஒரோசா, பத்தாங்காஸ்ல தால் ஊர்க்காரி. அமெரிக்காவுல வேதியியல் படிச்சு, 1922-ல ஊர் திரும்பினவ. வெளியூர்ச் சாமானுக்குக் காசைக் கொட்டாம உள்ளூர்ல விளையுததை வச்சே சமைக்கலாம்னு ஊர் ஊராச் சொல்லிக் குடுத்தவ. யுத்த காலத்துல சோயா மாவு செஞ்சு அடைபட்டுக் கிடந்தவங்களுக்குத் திருட்டுத்தனமா அனுப்பினவ. 1945 பிப்ரவரி மணிலாச் சண்டையில குண்டுச் சில்லு பட்டுச் செத்துப் போனா. நீ ஸ்பாகெட்டியைப் பாத்துச் சிரிச்சா அந்த ஊர்க்காரன் சிரிக்க மாட்டான்.

லும்பியா வந்தா எண்ணிக்கை பாக்காதே. விரல் தண்டி சுருள், உள்ள கொத்துக்கறி. முந்தின நாளே சித்திமாரு சுத்தி உக்காந்து, ஓரத்தைத் தண்ணி தொட்டு ஒட்டி, ஊர்க்கதை ஒண்ணு பாக்கியில்லாமப் பேசி முடிச்சிருப்பாவ. பொரிச்சு எடுக்கையிலயே பாதி போயிரும். லெச்சே ஃபிளான்தான் வீட்டுக்காரிக்குப் பரீட்சை. முட்டை வடிவ லியனேராத் தகரத்துல சீனியைத் தீயில நேரா உருக்கி, மஞ்சக்கருவும் கெட்டிப்பாலும் ஊத்தி அவிப்பா. வெட்டுனா உள்ள ஒரு ஓட்டை கூட இருக்கப்பிடாது. இருந்தாலும் நீ பாக்கல, கேட்டியா?

புது வருசம் வரைக்கும் நின்னா இன்னும் கூத்து. 31 ராத்திரி மேசையில பன்னெண்டு உருண்டைப் பழம், மாசத்துக்கு ஒண்ணு. உருண்டையா இருந்தா காசு சேருமாம். அதுக்காவப் புள்ளி போட்ட சட்டையும் போடுவாவ. குடும்பம் ஒட்டிக்கிட்டு இருக்க ஒட்டுற அரிசியில இனிப்பு. கோழி மட்டும் வராது. கிளறிக் கிளறித் திங்கிற பிழைப்பு வருசம் பூரா வந்திருமாம். பன்னெண்டு அடிக்கையில புள்ளைவ குதிக்கும், உயரமா வளரதுக்கு. நீயும் குதி. உனக்கும் வேண்டியதுதான்.

இவ்வளவு சாமானுக்கும் காசு ஏதுன்னு உனக்கு ஓடும். வாயை விட்டுக் கேக்காதே, கண்ணால பாரு. மேசையில செகப்பு மெழுகு பூசின பாலாடைக்கட்டி உருண்டை இருக்கும், கேசோ தெ போலா. அதுல ஒரு போன் சாஞ்சு நிக்கும். போனுக்குள்ள ரியாத்துலயோ துபாய்லயோ நர்ஸு உடுப்போட ஒருத்தி. அவ அனுப்பின பணத்துலதான் பன்னி வெந்துருக்கு. ஒவ்வொரு பாத்திரத்தையும் திருப்பிக் காட்டச் சொல்லுவா. யாரு வந்தா, யாரு வரல, லெச்சோன் தோலு மொறுமொறுன்னு இருக்கான்னு கேப்பா. நீயும் வருசத்துல ஒம்பது மாசம் அதே சாதிப் பிழைப்புதான். அதனால போன் உன் பக்கம் வந்தா “வயிறு நிறைஞ்சிட்டு”ன்னு மட்டும் சொல்லிராதே. தட்டைத் தூக்கிக் காட்டி, வாய் நிறைய மென்னுக்கிட்டே கையை ஆட்டு. அவளுக்கு அது போதும்.

சாப்பாடு மிஞ்சுதேன்னு கவலைப்படாதே, மிஞ்சத்தான் வச்சிருக்கு. அங்க பாத்திரம் காலியானா வீட்டுக்காரிக்கு அவமானம். சொல்லாம வாரவனையும் கணக்குல சேத்துத்தான் உலை வைப்பா. மறுநாள் அந்த லெச்சோன் மிச்சத்தைக் காடியும் ஈரல் சாறும் மிளகும் போட்டுப் பக்சிவ் வைப்பா. எனக்கு முதல் நாள் கறியை விட அதுதான் ஒசத்தி. உனக்கும் கட்டிக் குடுப்பாவ. டப்பா மேல ஐஸ்கிரீம் பேரு இருக்கும், உள்ள கல்தெரெத்தா இருக்கும். வேண்டாம்னு ஒரு தடவை சொல்லு, ரெண்டாம் தடவை வாங்கிக்க. டப்பாவைக் கழுவித் திருப்பிக் குடு.

கிளம்புததுக்கு முன்னால சமையல்கட்டுக்குப் போய்ப் பத்து தட்டைக் கழுவு. விருந்தாளி கழுவப்பிடாதுன்னு கையைப் புடிப்பாவ. விடாதே, கழுவு. இங்க உங்க அம்மை வீட்டுல நீ ஒரு தம்ளர் கூடக் கழுவினதில்லங்கதை நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்.