பக்கத்திலேயே படுத்திருக்கும் யானை

கேள்வி: கோயில் கட்டடக்கலை என்றாலே கஜபிருஷ்டம், கபோதம் என்று மிரட்டுகிறார்களே, மனிதர் பேசுகிற மொழியில் சொல்லக்கூடாதா?
(ஒரு வாசகர், கள்ளிக்குப்பம்)

பதில்: மிரளாதீர்கள், ஒன்று யானை, இன்னொன்று புறா!

கபோதம் என்றால் புறா. சுவருக்கு மேலே வளைந்து இறங்கும் கொடுங்கைக்கு அந்தப் பெயர். கஜபிருஷ்டம் என்பது யானையின் பின்புறம். சமஸ்கிருதத்தில் சொன்னால் மரியாதையாக இருக்கிறது, அவ்வளவுதான். கருவறையின் பின்சுவர் அரைவட்டமாக வளைந்து, மேலே கூரையும் அதே வளைவில் உருண்டு நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் யானை படுத்திருப்பது போலத் தெரியும். தமிழர்கள் இதைத் ‘தூங்கானை மாடம்’ என்றார்கள். பெண்ணாடம் கோயிலுக்குத் தேவார காலத்திலேயே அந்தப் பெயர் உண்டு.

மாமல்லபுரத்துச் சிற்பி இன்னும் கெட்டிக்காரர். 7ஆம் நூற்றாண்டில் சகாதேவ ரதத்தை இந்த வடிவில் குடைந்துவிட்டு, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்றோ என்னவோ, பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்திவிட்டார். அருஞ்சொற்பொருள் எழுதுவதென்றால் இப்படி எழுத வேண்டும்!

இந்த வளைவு சைவத்துக்கு மட்டும் சொந்தமல்ல. மகாராஷ்டிரத்தில் பாஜா, கார்லே பௌத்தக் குகைகளின் பின்பகுதியும் இப்படித்தான் வளைகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் வட்டாரத்திலேயே திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர், பாடி திருவலிதாயம், திருவேற்காடு வேதபுரீசுவரர் என்று மூன்று தூங்கானைகள் இருக்கின்றன. முல்லைவாயிலில் நந்தியே சுவாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால், முன்னால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாமல் பிராகாரத்தின் மேற்குப் பக்கம் நின்று விமானத்தைப் பாருங்கள்.