டிக்கெட் கிராணியார்

சுங்கைப்பட்டாணி, பீடோங், குருண் பக்கம் எந்த ஒட்டுக்கடையிலாவது உட்கார்ந்து, "பேங்காக் போகலாம்னு இருக்கேன்" என்று வாய்விட்டுப் பாருங்கள். பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் தே தாரிக்கோடு நகர்ந்து வருவார். ஊருக்கு ஒருவர் இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டம் பாதி செம்பனை, பாதி தாமான் என்றாகிவிட்டது. செக்ரோல் எழுதிய கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

"ஏர் ஏசியா எவ்வளவு காட்டுது தம்பி?"

சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். பினாங்கு விமான நிலையத்துக்கு டாக்சி, பாலத்து டோல் (தீவுக்குள் போகும்போது மட்டும்தான், திரும்பி வர இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவார்), பெட்டிக்குத் தனி, இருக்கைக்குத் தனி, டோன் முயாங்கில் இறங்கி ஊருக்குள் போகத் தனி. கையில் 7 கிலோதான் விடுவார்கள். காலமெல்லாம் பால் நிறுத்துக் கணக்கெழுதியவர் அல்லவா, உங்கள் பையை ஒரு விரலில் தூக்கிப் பார்த்து, "எட்டரை. கட்டாயம் பிடிப்பான்" என்று தீர்ப்புச் சொல்வார்.

ரயில் என்றால் பேனாவே இளகிவிடும். பாடாங் பெசார் வரை கொம்யூட்டர். உங்களுக்கு முப்பது வயதுதான் என்றாலும் மூத்த குடிமக்கள் கழிவைக் கழித்துவிடுவார். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் அங்கே ஒரே ஸ்டேஷனில். சாயங்காலம் தாய்லாந்து வண்டி. கீழ்ப்படுக்கையைவிட மேல்படுக்கை மலிவு, அதனால் உங்களுக்கு மேல்படுக்கைதான். ஓர் இரவு ஓட்டல் வாடகை மிச்சம். 2016 வரை பட்டர்வொர்த்திலிருந்தே நேராக ஓடிய வண்டியை நிறுத்தியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தத் துக்கத்துக்காகவும் ரயில் பக்கம் பத்து வெள்ளி குறையும்.

எல்லை தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகுமே, அதுவும் ரயிலுக்கு வரவு.

"பிளேன்ல போனாலும் அதே ஒரு மணி நேரம்தானே ஐயா?"

"அது கணக்குல சேராது."

"பிளேன் ரெண்டு மணி நேரம்கூட இல்ல. ரயில் மறுநாள் காலையிலதானே போய்ச் சேரும்?"

"லீவுலதானே போறே? என்ன அவசரம்?"

கூட்டிக் கழித்து அவர் கோடு போடுவதற்குள் கைப்பேசியில் விமானக் கட்டணம் ஏறியிருக்கும். "பாத்தியா!" என்று மேசையைத் தட்டுவார்.

போன மாதம் அவர் வீட்டிலேயே பேங்காக் பயணம் வந்தது. அம்மாவுக்கும் தனக்கும் மலிவு விற்பனையில் மகள் விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். விலையைக் கேட்டவர் பேனாவைத் தேடினார்.

"பெட்டி சேர்த்தா?"

"பெட்டியும் சேக்கல, ஒங்களையும் சேக்கல" என்றார் வீட்டம்மா. "அதான் மலிவு."