நோட்டுக்குள் இருந்தவர்கள்

கே: ரூபாய் நோட்டைப் பார்த்து ஓவியம் வரைந்தால் கள்ளநோட்டு கேஸில் பிடித்துவிட மாட்டார்களா? (மேற்குத் தாம்பரம்)

ப: செல்லாத நோட்டென்றால் பயமில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் நகலெடுக்கும் கடையில் வேலை பார்த்த ஓவியர் ஜான் டபிள்யூ. ஜோன்ஸ், 1996இல் யாரோ கொடுத்த பழைய நோட்டைப் பெரிதாக்கினார். பார்த்தால், பருத்திக்காட்டில் அடிமைகள்! உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் அடித்த நோட்டு. அந்தப் பொடிப் படங்களைப் பெரிய வண்ண ஓவியங்களாக்கி, பக்கத்திலேயே அசல் நோட்டையும் மாட்டினார்.

கே: அடிமையைப் போய் நோட்டில் போடுவார்களா? (குரோம்பேட்டை)

ப: சொத்தைத்தானே போடுவார்கள்! 1862ஆம் வருட நூறு டாலர் நோட்டின் நடுவே பருத்திக்காடு கொத்துகிறவர்கள் அவர்கள்தான். 1865இல் தென் மாநிலங்கள் போரில் தோற்றதும் அடிமைகளும் கையைவிட்டுப் போனார்கள், நோட்டும் வெறும் காகிதமானது.

கே: நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (பல்லாவரம்)

ப: மின்சார ரயிலேறிச் சென்னைக் கோட்டையில் இறங்குங்கள். 1687 முதல் 1692 வரை அங்கே கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் காலத்தில் சென்னைக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். லண்டன் திரும்பிய யேலை வரைந்த படமொன்றில், கழுத்தில் பூட்டுப்போட்ட வளையத்தோடு ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். ஓவியர் டைட்டஸ் கபார் 2016இல் அதே காட்சியை வரைந்து, யேலும் மற்ற கனவான்களும் இருந்த பக்கத்தைக் கசக்கிவிட்டு, பையன் முகத்துக்கு மட்டும் தங்கச் சட்டம் போட்டார். 2020இல் அவர் பெயர் கொண்ட யேல் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் பழைய படத்தைக் கொஞ்ச காலம் இறக்கிவிட்டு இதை மாட்டியது. கசக்கியதுதான் எனக்குப் பிடித்தது.

கே: தாம்பரம் பக்கம் அடிமைத்தனமே இருந்ததில்லை என்கிறார் நண்பர். (பெருங்களத்தூர்)

ப: மனை வாங்கியிருந்தால் மூலப்பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், 'பஞ்சமி' என்று இருக்கப்போகிறது! 1843இலேயே சட்டம் அடிமைமுறையைக் கைவிட்டது, பண்ணையார்கள் விடவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான், 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பஞ்சமி நிலம் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று. அதன் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கே: நம் ஓவியர்கள் வரைய இப்படி ஏதாவது நோட்டு உண்டா? (சேலையூர்)

ப: உண்டு. பாத்திக் துணி விற்றுப் பிழைத்துக்கொண்டே படம் வரைந்தவர்களின் சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966 முதல் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே யாராவது தெரிந்தால் இந்த நோட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1990களில் புழங்கிய இலங்கை நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள். அந்தத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948இல் பறித்த அதே நாட்டின் நோட்டு.